லாஹௌலுக்குப் பாறை ஏறப் போகுமுன் எனக்கு யாரும் சொல்லாதவை

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலியைத் தாண்டி, லாஹௌல் பள்ளத்தாக்கில் சந்திரா ஆற்றங்கரையில் சத்ரூ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பாறை ஏறுவதற்காகக் கிருஷ்ணகிரியிலிருந்து தனியாகப் போய் வந்தேன். எல்லாம் சேர்த்து 88,000 ரூபாய் செலவானது. அதில் 33,000 ரூபாய் எதற்கும் உதவாமல் போனது. பணத்தைவிட, போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் கிடந்த ஒரு ராத்திரியும், ஊருக்குப் பேச வழியில்லாமல் தவித்த நாட்களும்தான் இன்னும் மனதில் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன்னால் இதையெல்லாம் தமிழில் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல முறை நினைத்தேன். அதனால்தான் ரூபாய்க் கணக்கு உட்பட எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு வேலை ஓசூரில், வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில். அப்பா கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரானைட் குவாரிகளில் வேலை பார்த்தவர், அதனால் கல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பெங்களூரில் இருந்த தோழி ஒருத்தி மூலமாக ராமநகரத்துப் பாறைகளுக்குப் போக ஆரம்பித்தேன். ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டை கட்டுவது, பிலே செய்வது (ஏறுகிறவர் விழுந்தால் நிறுத்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பது), முடிச்சு போடுவது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். சத்ரூவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அந்தக் குழுவில்தான். ஆற்றின் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், அடிவாரத்தில் வீட்டளவில் கொட்டிவைத்த மாதிரி பெரிய பெரிய குண்டுக் கற்கள், மேலே பனிமலை. ஹம்ப்டா கணவாய் நடைபயணம் போகிறவர்கள் வந்து இறங்குவதும் இந்த இடத்தில்தான். மணாலியிலிருந்து ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் உள்ள காஸா ஊருக்குப் போகும் சாலை ஓரமாகவே இருப்பதால் பாறை வரைக்கும் நாள்கணக்கில் நடக்கத் தேவையில்லை. இமயமலையில் முதல் தடவை ஏறிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்று பேராகக் கிளம்புவதாகத்தான் திட்டம். ஒருத்திக்கு முழங்காலில் அடிபட்டது, இன்னொருவருக்கு அலுவலகத்தில் லீவு ரத்தானது. விமான டிக்கெட் போட்டாயிற்று, எனக்கு ஜூலைக் கடைசியில் லீவும் கிடைத்துவிட்டது. மற்ற ஊருக்குத் தனியாகப் போவது வேறு, பாறை ஏறத் தனியாகப் போவது வேறு. நம் உயிர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் ஆளின் கையில் இருக்கிறது. துணை விலகிவிட்டால் செலவு மட்டும் கூடுவதில்லை, பயணத்தின் தன்மையே மாறிவிடுகிறது. போகிறவர்கள் எல்லாரும் தங்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டி முடிக்கும் வரை யாரும் முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். கூடுமானால் ஒரு ஆள் அதிகமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் போனால் ஒருவர் வராவிட்டாலும் மூன்று பேர் இருப்பார்கள். ஜீப் வாடகையும் பங்காகும்.

தனியாகிவிட்டதால் மணாலியில் ஒரு பயண ஏற்பாட்டாளரைப் போனில் பிடித்தேன். அனுபவமுள்ள கைடு, கயிறு, கிராஷ் பேட் (விழுந்தால் தாங்கத் தரையில் போடும் மெத்தை), கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். இனிமையாகப் பேசினார். அங்கே டவர் கிடைக்குமா என்று கேட்டதற்குக் கிடைக்கும் என்றார். பெண் தனியாக வருகிறேன், பாதுகாப்பாக இருக்குமா என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டுப் பெண் மாதிரி பார்த்துக்கொள்கிறோம் என்றார். முன்பணம் 18,000 அனுப்பினேன். இந்த இடத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று பிற்பாடு அனுபவசாலிகளிடம் தெரிந்துகொண்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு வரப்போகும் கைடின் பெயர் என்ன, அவர் எந்தப் பயிற்சி முடித்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம், உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம் மாதிரி இடங்களில் அடிப்படைப் பயிற்சியும் அதற்கு மேற்பட்ட பயிற்சிகளும் தருகிறார்கள். அந்தச் சான்றிதழின் படத்தை அனுப்பச் சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கைடுடன் நேராக ஒரு தடவை போனில் பேச வேண்டும். நடைபயண கைடு வேறு, பாறை ஏற்ற கைடு வேறு. வழி காட்டத் தெரிந்தவருக்கெல்லாம் கயிறு கட்டத் தெரிந்திருக்காது. முன்பணம் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். என்னிடம் ஹார்னஸ், ஷூ, ஹெல்மெட், காராபினர்கள் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கிகள்), ஸ்லீப்பிங் பேக், குளிர்த்துணி எல்லாம் சேர்த்து 21 கிலோ வந்தது. பெங்களூர் விமான நிலையத்தில் கூடுதல் எடைக்கு 3,600 ரூபாய் கட்டினேன். இரும்புச் சாமான்களைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள், பெரிய பையில்தான் போட வேண்டும். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டும்தான் வைக்கலாம். அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டர் இரண்டிலும் கூடாது. மணாலி கடைகளில் கிடைக்கிறது, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கிராஷ் பேடும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். நேரம் இருக்கிறவர்களுக்கு ரயில்தான் நல்லது என்பேன். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவர் 40 கிலோ வரை கொண்டுபோகலாம். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லாததால் நமக்கு எந்தப் பயணமும் ஜோலார்பேட்டையிலோ ஓசூரிலோ பெங்களூரிலோதான் தொடங்கும், அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் காப்பீட்டையும் பார்த்தேன். தொழிற்சாலையில் கொடுத்த பாலிசியிலும், டிக்கெட்டோடு விற்கிற பயணக் காப்பீட்டிலும் ஒரே வரி இருந்தது: சாகச விளையாட்டுகளில் ஏற்படும் காயம் சேராது. பாறை ஏற்றத்தைப் பெயர் சொல்லியே விலக்கியிருந்தார்கள். மலையேற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும் பாலிசி வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் எத்தனை மீட்டர் உயரம் வரை, கயிறு கட்டி ஏறினால் செல்லுமா, மீட்புச் செலவு உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். விலக்குகள் என்ற தலைப்பில் இருக்கும் பக்கத்தை மட்டுமாவது முழுக்கப் படித்துவிடுங்கள்.

வீட்டில் அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. “கண்ணு, பாறைதான் ஏறணும்னா நம்ம ஊர்லயே மலை இல்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கிருஷ்ணகிரி கோட்டை மலையும் ராயக்கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடங்கள், அங்கே ஆணி அடித்துக் கயிறு கட்டி ஏற முடியாது, கூடவும் கூடாது. ஆனால் அம்மாவிடம் உண்மையான காரணத்தையே சொன்னேன். இந்த ஊரில் பிறந்து கல்லை அறுத்து ஏற்றுமதி பண்ணுவதை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். மனிதக் கை படாத கல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெங்களூரிலிருந்து சண்டிகர் வரை விமானம், அங்கிருந்து ராத்திரி பஸ். காலையில் மணாலியில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே ஜீப் தயாராக நின்றது. அதே நாளில் சத்ரூ போய்விடுவதுதான் அவர்களுடைய திட்டம். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்த பிறகு, ரோத்தாங் கணவாய் மேலே ஏறி இறங்க வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தால் லாஹௌல். பச்சை மரங்கள் எல்லாம் மறைந்து, மொட்டை மலையும் பனியும் சாம்பல் நிற ஆறுமாகக் காட்சியே மாறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கோக்ஸர், கிராம்பூ தாண்டி, குண்டும் குழியுமான சாலையில் குலுங்கிக் குலுங்கி மதியம் சத்ரூ போய்ச் சேர்ந்தோம்.

இப்போது உயரக் கணக்கைப் பாருங்கள். கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவில் இருக்கிறது. மணாலி சுமார் 2,000 மீட்டர். சத்ரூ 3,300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சாலை நன்றாக ஆக ஆக நாம் சீக்கிரம் மேலே போய்விடுகிறோம், ஆனால் உடம்பு அதன் வேகத்தில்தான் பழகும். சாயங்காலமே தலை கனத்தது. இருட்டியதும் நெற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வலி. சாப்பாட்டு வாசனையே பிடிக்கவில்லை, இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கூடாரத்துக்குள் படுத்தால் மூச்சு போதாத மாதிரி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆறு ஓயாமல் இரைகிறது. போனில் டவர் ஒரு கோடுகூட இல்லை. ஏற்பாட்டாளர் அனுப்பியிருந்த பையன் நல்லவன்தான். “தூங்குங்க தீதி, காலையில் சரியாயிடும்” என்று வெந்நீர் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கோ விடிவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்கு எப்படித் தெரியும் என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது. அவ்வளவு பயம் வாழ்க்கையில் அதுவரை பட்டதில்லை.

விடிந்ததும் கீழே போகிற முதல் வண்டியில் இடம் கேட்டு சிஸ்ஸு வந்தேன். சத்ரூவை விடக் கொஞ்சம்தான் தாழ்வு, ஆனால் மதியத்துக்குள் தலைவலி பாதி குறைந்தது. அங்கேயே தங்கி, சாதாரணமாகச் சாப்பிட முடிந்த பிறகுதான் மறுபடி மேலே போனேன். மலை உயரம் பற்றி மருத்துவர்கள் சொல்வது எளிமையானது: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் மணாலியில் இரண்டு ராத்திரி, சிஸ்ஸு பக்கம் ஒரு ராத்திரி தங்கிவிட்டுச் சத்ரூ போனால் இந்தத் துன்பம் பெரும்பாலும் வராது. எந்த ஏற்பாட்டாளர் அவசரப்படுத்தினாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். தலைவலி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் நுரையோடு வந்தாலோ, ஒரே நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, நள்ளிரவானாலும் உடனே இறங்கியாக வேண்டும். காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை அது. அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைச் சிலர் முன்கூட்டியே சாப்பிடுகிறார்கள். ஊரிலேயே டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்ல வேண்டும்.

திரும்ப மேலே போனபோதுதான் அடுத்த இடி. கைடு என்று சொன்னவர் வரவே இல்லை, வேறு குழுவோடு ஸ்பிட்டி போய்விட்டாராம். அந்தப் பையனே ஏற்றிவிடுவான் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பையன் கூடாரம் போடுவதில் கெட்டிக்காரன், ஆனால் பிலே கருவியில் கயிற்றை நுழைக்கத் தடுமாறினான். கயிற்றை வாங்கிக் கை வழியாக முழுக்க உருவிப் பார்த்தேன். ராமநகரத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. உள்ளே எங்காவது மெத்தென்றோ தட்டையாகவோ இருந்தால் உள்நார் போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கயிறு விறைப்பாக, மேலுறை பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. நுனியில் சுற்றியிருந்த பட்டையில் ஈஎன் 1891 என்று இருந்தது. விழுந்தால் பிடிப்பதற்கான கயிறே இல்லை அது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. கயிறு இரண்டு வகை. டைனமிக் கயிறு இழுபடும். நாம் விழும்போது அது நீண்டு கொடுத்து, விழுந்த வேகத்தை மெதுவாக வாங்கிக்கொள்ளும். அதன் தரக் குறியீடு ஈஎன் 892. தனிக் கயிறாகப் பயன்படுத்தக் கூடியது என்றால் நுனியில் வட்டத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். ஸ்டாடிக் கயிறு அவ்வளவாக இழுபடாது. இறங்கவும், சாமான் தூக்கவும், மீட்புப் பணிக்கும் அது சரி, அதன் குறியீடுதான் ஈஎன் 1891. அதைக் கட்டிக்கொண்டு முன்னால் ஏறிப்போய் விழுந்தால், வேகம் முழுவதும் நம் இடுப்பிலும் முதுகிலும் பாறையில் அடித்திருக்கும் ஆணியிலும் ஒரேயடியாக இறங்கும். கயிறு எப்போது வாங்கியது என்றும் கேளுங்கள். உபயோகிக்காமலே வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் கூடாது என்றுதான் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். விடாமல் உபயோகித்தால் ஒரு வருடத்திலேயே தூக்கிப்போட வேண்டி வரலாம். பார்க்கவே சங்கடமாக இருக்கிற கயிற்றில் ஏறமாட்டேன் என்று சொல்வதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நான் சொன்னேன். பையன் முகம் வாடிவிட்டது, பாவம், அவன் மேல் என்ன இருக்கிறது. அந்த 18,000 ரூபாயில் எனக்குக் கிடைத்தது கூடாரமும், ரொட்டியும், ராஜ்மாவும்தான்.

அன்று மதியம் தாபா ஓரமாக உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு தூரம் வந்து, சுவர் கண் முன்னால் நிற்க, கை வைக்க முடியாமல் திரும்புவதா என்று. தாபா நடத்தும் அம்மா எதுவும் கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்தார். புனேயிலிருந்து வந்து கூடாரம் போட்டிருந்த ஒரு குழு அங்கே சாப்பிட வந்தது. நானாகவே போய்ப் பேசினேன். என்ன நடந்தது என்று சொல்லி, எனக்கு என்ன தெரியும், எந்த அளவு ஏறியிருக்கிறேன் என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர்கள் என் முடிச்சையும் பிலேயையும் தரையில் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சோதனையைச் செய்யாமல் சேர்த்துக்கொள்கிறவர்களோடு நீங்களும் ஏறாதீர்கள்.

பாறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராமநகரத்தில் ஏப்ரல் வெயிலில் விரல் வழுக்கும், காலை எட்டு மணிக்குமேல் ஏற முடியாது. சத்ரூவில் குளிர்ந்த கல் விரலை அப்படியே பிடித்துக்கொள்கிறது. சொரசொரப்பான கிரானைட், கை முழுக்க நுழைகிற நேர் வெடிப்புகள். உள்ளங்கையை வெடிப்புக்குள் விட்டு, கட்டைவிரலை மடக்கி இறுக்கி, அதன் மேல் உடம்பைத் தூக்குகிற ஏற்றம் நம் பக்கம் அரிது. கைப்பட்டை ஒட்டாமல் ஏறினால் புறங்கை தோலுரிந்துவிடும், அகலமான ஒட்டுத்துணி ஒரு சுருள் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் டி-ஷர்ட் போதும், மேகம் மறைத்ததும் பத்து நிமிடத்தில் பல் கிட்டுகிறது. பைக்குள் இருக்க வேண்டிய ஸ்வெட்டர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

நம் ஊர்ப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீர் ராத்திரியில் உறைகிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது சதவீதம் அளவுக்குப் பருக்கும், அந்த அழுத்தத்தில் கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கும். வருடம் வருடமாக இது நடப்பதால், உறுதியாகத் தெரிகிற பாளங்கள்கூட உள்ளே விட்டுப்போயிருக்கும். வெயில் ஏறி உறைந்தது உருகும் நேரத்தில் மேலிருந்து கல் உருளும். இங்கே அப்பா கற்றுக்கொடுத்தது எனக்கு உதவியது. குவாரியில் ஒரு கல்லை எடுப்பதற்கு முன் சுத்தியால் தட்டிக் காது கொடுப்பார்கள். நல்ல கல் கணீரென்று பேசும், உள்ளே வெடிப்பிருந்தால் தொம்மென்று கேட்கும். பிடிக்கப் போகிற ஒவ்வொரு பாளத்தையும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டிப் பார்த்தேன். தொம்மென்ற ஒன்றை விட்டுவிட்டுப் பக்கத்து வெடிப்பைப் பிடித்தேன். புனேக்காரர்களும் அதையே செய்தார்கள், அவர்களுக்கு அது பயிற்சியில் வந்தது. ஹெல்மெட்டை ஏறும்போது மட்டும் போட்டால் போதாது, சுவருக்குக் கீழே நின்று பிலே செய்யும்போதும், சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போதும் தலையில் இருக்க வேண்டும். அந்தச் சுவரின் உச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தபோது, வந்ததற்கு வருத்தமே இல்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டு விஷயம். டவர் இருக்கும் என்ற பேச்சை நம்பி தினமும் பேசுவதாகச் சொல்லியிருந்ததால், என் குரல் கேட்காமல் அம்மா சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். தருமபுரியில் இருக்கும் தம்பி எங்கெங்கோ போன் செய்து பார்த்திருக்கிறான். நீங்கள் போவதானால், இத்தனை நாள் பேச முடியாது என்றே முதலில் சொல்லிவிடுங்கள். இந்தத் தேதி, இந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் மட்டும் கவலைப்பட வேண்டும் என்று ஒரு கெடு வையுங்கள். தங்குமிடம், ஏறப்போகும் பாறை, ஜீப் டிரைவரின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். கெடு தாண்டினால் அவர் 112-ஐ அழைத்து அந்தத் தாளைப் படித்தால் போதும். வெளிநாட்டில் விற்கிற செயற்கைக்கோள் போனையோ, செய்தி அனுப்பும் கருவியையோ யாராவது கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அரசு அனுமதியில்லாமல் இங்கே வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அப்புறம், கையில் ரொக்கம் வேண்டும். டவர் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது, சத்ரூவில் ஏடிஎம் கிடையாது. மணாலியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் பெட்ரோலையும் மணாலியிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், அந்தச் சாலையில் அடுத்த பங்க் காஸாவில்தான். பெண்களுக்கு ஒரு வார்த்தை: கூடாரத்தைத் தாபாவை ஒட்டியே போடுங்கள். மாதவிலக்குத் தேதி எப்போது என்றாலும் நாப்கினைக் கையோடு எடுத்துப் போங்கள், உயரத்தில் தேதி முன்பின் ஆகலாம்.

திரும்பும் வழிதான் கடைசி அடி. லாஹௌல் மழை மறைவுப் பிரதேசம், ஜூலையிலும் அங்கே அவ்வளவாக மழை இல்லை. ஆனால் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் குல்லு, மண்டி முழுக்கப் பருவமழை. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகி குல்லு மணாலி நெடுஞ்சாலையை அடித்துக்கொண்டு போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நான் வந்த அன்று அந்த அளவுக்கு இல்லை, மண்டிக்கு முன்னால் ஒரு மண்சரிவு, அவ்வளவுதான். பஸ் ராத்திரி முழுக்க நின்றது. மறுநாள் பாதையைச் சரிசெய்து விடுவதற்குள் சண்டிகரில் என் விமானம் போய்விட்டது. டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை, புது டிக்கெட் அதைவிட விலை. அந்த வகையில் 9,300 ரூபாய் நஷ்டம், லாட்ஜுக்கும் சாப்பாட்டுக்கும் 2,100. லீவு முடிந்துவிட்டதால் சம்பளத்திலும் பிடித்தார்கள், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மழைக்காலத்தில் அந்தச் சாலையில் போகிறவர்கள் மணாலிக்கும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு முழு நாளாவது சும்மா விட்டுவையுங்கள். சரிவு இல்லாவிட்டால் அந்த நாட்களில் மணாலி பக்கத்திலேயே போல்டரிங் (கயிறில்லாமல் தாழ்வான குண்டுக் கற்களில் ஏறுவது) செய்யலாம், வீணாகாது. தேதி மாற்றக்கூடிய டிக்கெட் சில நூறு ரூபாய் அதிகமென்றாலும் அதையே எடுங்கள். நாள் கையில் இருக்கிறவர்கள் செப்டம்பரில் போவது எல்லாவற்றையும்விட நல்லது. மழை ஓய்ந்திருக்கும், பனி விழ ஆரம்பித்திருக்காது, கல்லும் காய்ந்து குளிர்ந்து இருக்கும். ஓடை தாண்ட வேண்டிய இடங்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏறினால் மேலே பனி உருகி மதியத்துக்குமேல் தண்ணீர் கூடிவிடுகிறது.

முன்பணம் விஷயத்தை ஊருக்கு வந்ததும் விடவில்லை. ஏற்பாட்டாளர் முதலில் போனையே எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து, யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்தக் கயிற்றின் நுனிப் பட்டையை எடுத்த போட்டோ எல்லாவற்றையும் வைத்துப் புகார் பதிந்தேன். அப்புறம் அவரே கூப்பிட்டு 6,000 ரூபாய் அனுப்பினார். மீதியையும் தரும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன், தராவிட்டால் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன். பெங்களூர்த் தோழிக்கு முழங்கால் சரியாகிவிட்டது. வரும் செப்டம்பருக்கு இப்போதே நாலு பேர் சேர்ந்திருக்கிறோம், இந்தத் தடவை கயிறு எங்களுடையது.